‘யாரோட கெஸ்ட்?’ என்று கேட்டால் திரும்பி வந்துவிடுங்கள்

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஆன்லைன் விண்ணப்பம், லேமினேஷன் எல்லாம் உண்டு. ஜூன், ஜூலை வந்துவிட்டால் பாதி வருமானம் ரெஸ்யூம் டைப்பிங்கில்தான். துறையூர், முசிறி, லால்குடி, பெரம்பலூர் பக்கத்துப் பிள்ளைகள் காலை பஸ்ஸில் இறங்கி, நேராகக் கடைக்கு வந்து இரண்டு காப்பி எடுத்துக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போவார்கள்.

போன ஜூனில் ஒரு பெண் வந்தது. பி.காம் முடித்த பிள்ளை. இஸ்திரி போட்ட சுடிதார், புது ஃபைல், காலை எட்டே முக்கால் மணி. பிரிண்ட் வருவதற்குள் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன்.

“எங்கம்மா இன்டர்வியூ?”

“தில்லைநகர்ண்ணா.”

“என்ன கம்பெனி?”

“பேர் சொல்லலண்ணா. ஹெச்.ஆர் மேடம் போன் பண்ணாங்க. ஒன்பதரைக்கு ஃபார்மல்ஸ்ல வரச் சொன்னாங்க. ரிசப்ஷன்ல கேட்டா அவங்க பேரைச் சொல்லி, அவங்களோட கெஸ்ட்னு சொல்லணுமாம்.”

பிரிண்டை எடுத்துக் கையில் கொடுக்காமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். வேலைக்குப் போகிறவர் கேண்டிடேட். கல்யாணத்துக்குப் போகிறவர் கெஸ்ட். வேலை தருகிற எந்தக் கம்பெனியின் வாசலிலும் “நீங்க யாரோட கெஸ்ட்?” என்று கேட்க மாட்டார்கள். செயின் மார்க்கெட்டிங் என்று ஆள் சேர்க்கும் கம்பெனியில் கேட்பார்கள். காரணம், உள்ளே போகும் ஒவ்வொரு தலையும் யாரோ ஒருவரின் கணக்கில் ஏற வேண்டும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், 2012-ல் நாலு மாசம் நான் அந்தப் பக்கம் நின்றவன். என்னோட கெஸ்ட் என்று சொல்லி மூன்று பேரை உள்ளே கூட்டிப் போயிருக்கிறேன். ஆகவே கீழே எழுதுவதில் கொஞ்சம் பாவக் கணக்கும் சேர்ந்திருக்கும்.

நான் போன கதை

அப்போது டிப்ளமா முடித்து ஊரில் சும்மா இருந்தேன். கூடப் படித்தவன் போன் செய்தான். “மாப்ள, ஓசூர்ல நம்ம கம்பெனில ஆள் எடுக்கறாங்க. பதினஞ்சாயிரம் சம்பளம், தங்க இடம் உண்டு. சர்ட்டிபிகேட் எல்லாம் எடுத்துட்டு உடனே கிளம்பி வா. டிரெயினிங், யூனிஃபார்முக்கு ஒரு பன்னெண்டாயிரத்து ஐநூறு ரெடி பண்ணிக்கோ.” என்ன வேலை என்று கேட்டேன். “வந்து பாரு மாப்ள, போன்ல சொன்னா புரியாது” என்றான். ஓசூர் என்றால் பேக்டரிதானே, வேறென்ன இருக்கப் போகிறது என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். அந்த முடிவை அவன் திருத்தவில்லை. இந்த இடத்தைக் கவனியுங்கள். அவர்கள் நேரடியாகப் பொய் சொல்வது குறைவு. பாதி சொல்லி நிறுத்துவார்கள், மீதியை நம் ஆசை எழுதிக்கொள்ளும்.

பெரம்பலூர்ப் பக்கம் எங்களுக்குச் சின்ன வெங்காயம்தான் பணம். அந்தப் போகத்தில் விற்ற காசில் அப்பா எடுத்துக் கொடுத்தார். ஓசூரில் இறங்கினால் பேக்டரி இல்லை. ஒரு வாடகை வீட்டில் பதினெட்டுப் பையன்கள் பாய் விரித்துத் தங்கியிருந்தார்கள். மூன்று நாள் ‘டிரெயினிங்’. காலையில் கைதட்டல், மத்தியானம் வெள்ளைப் பலகையில் வட்டங்கள், சாயங்காலம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தனியாகப் பேச்சு. வந்த முதல் இரவே என் நண்பனிடம் கேட்டேன், “இதைத்தான் வேலைன்னியா?” அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. “மூணு நாள் முழுசாக் கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணு” என்றான். அப்படிச் சொல்லும்படி அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அடுத்த மாசம் அதே வரியை நானும் சொன்னேன்.

பன்னிரண்டாயிரத்து ஐநூறுக்குக் கொடுத்தது ஒரு கோட் சூட் துணி, ஒரு கைக்கடிகாரம். நமக்குக் கீழே இடது பக்கம் ஒருவர், வலது பக்கம் ஒருவர் சேர்த்தால் ஒரு ஜோடி. ஜோடிக்கு ஆயிரத்து ஐநூறு. நான் மூன்று பேரைச் சேர்த்தேன். கல்லூரி ஜூனியர் ஒருவன், பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன், என் சித்தி மகன். பிடித்தம் போக ஆயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய்க்கு ஒரு செக் வந்தது. மூன்றாவது ஆளுக்கு வலது பக்கத்தில் ஜோடி கிடைக்கவில்லை. அது இன்னும் அப்படியே நிற்கிறது. கடிகாரம் ஆறு மாசத்தில் நின்றது. கோட் துணியைத் தைக்கவே இல்லை. இப்போது கடையில் பெரிய பிரிண்டருக்கு இரவில் தூசி படாமல் போர்த்துகிறேன். நல்ல துணிதான், அதைச் சொல்ல வேண்டும்.

போனிலேயே கண்டுபிடிப்பது

பஸ் காசு செலவு செய்வதற்கு முன்பே முக்கால்வாசி தெரிந்துவிடும். அந்தப் பெண்ணிடம் போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். மூன்றே கேள்வி எழுதிக் கொடுத்தேன்.

“மேடம், கம்பெனி பேர் என்ன? வீட்டுல கேக்கறாங்க.”

“நேர்ல வாங்கம்மா, எல்லாமே எக்ஸ்ப்ளெயின் பண்றோம்.”

“என்ன வேலைன்னு மட்டும் சொல்லுங்க மேடம்.”

“ஆபீஸ் வொர்க்தான். அட்மின், டிரெயினிங், டீம் ஹேண்ட்லிங் எல்லாம் இருக்கு. உங்க திறமையைப் பொறுத்து மாசம் இருபத்தஞ்சாயிரம் வரைக்கும் போகும்.”

“அது சம்பளமா மேடம், கமிஷனா?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு வந்தது பதில் இல்லை, கேள்வி. “பக்கத்துல யாராவது இருக்காங்களாம்மா?”

அந்தப் பெண் என்னைப் பார்த்தது. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. “தனியா வாங்க, பாசிட்டிவ் மைண்டோட வாங்க” என்று சொல்லி அந்தம்மா வைத்துவிட்டார். நிஜமான ஹெச்.ஆர் யாருக்கும் நீங்கள் யாரோடு இருக்கிறீர்கள் என்பது பற்றிக் கவலை கிடையாது. அவருக்கு அன்றைக்கு இன்னும் முப்பது பேரைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

கம்பெனி பெயரைப் போனில் சொல்லாததற்கு ஒரு காரணம்தான். சொன்னால் நீங்கள் கூகுளில் தேடுவீர்கள். எங்களுக்கு இதைப் பாடமாகவே நடத்தினார்கள். “பேரைச் சொல்லாதே, பொருளைச் சொல்லாதே, பிளானைச் சொல்லாதே. ஆளை சீட்டில் உட்கார வைப்பது மட்டும்தான் உன் வேலை.” ஆக, பெயர் கேட்டுக் கிடைக்கவில்லை என்றால், அந்தப் பெயர் கிடைக்காததுதான் உங்களுக்குக் கிடைத்த தகவல்.

பெயர் சொன்னாலும் சும்மா நம்ப வேண்டாம். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பெயரைப் போட்டால் பதிவான தேதி, பதிவு அலுவலக முகவரி எல்லாம் காட்டும். ‘இருபது வருஷமா இருக்கோம்’ என்கிறவர்கள் போன வருஷம் பதிவானவர்களாக இருப்பார்கள். ஒரு எச்சரிக்கை. பதிவாகியிருப்பது நல்ல கம்பெனி என்பதற்குச் சான்று ஆகாது. பதிவுச் சான்றிதழ், ஜி.எஸ்.டி எண், பான் கார்டு, ஐ.எஸ்.ஓ, இதையெல்லாம் பெரிதாக பிரேம் போட்டு ரிசப்ஷனில் மாட்டியிருப்பார்கள். என் ஜெராக்ஸ் கடைக்கும் ஜி.எஸ்.டி எண் இருக்கிறது. அதனால் நான் உங்களுக்கு மாசம் ஐம்பதாயிரம் தருவேன் என்று அர்த்தமா?

விளம்பரத்தின் வார்த்தைகளும் காட்டிக்கொடுக்கும். ‘அனுபவம் தேவையில்லை, படிப்பு தடையில்லை, வயது 18 முதல் 60 வரை, உடனடி நியமனம்’ என்று ஒரே வரியில் இருந்தால் அது எந்த வேலைக்கும் உரிய விளம்பரம் இல்லை. டைப்பிஸ்ட் வேண்டுமென்றால் டைப்பிங் தெரிய வேண்டும், டிரைவர் வேண்டுமென்றால் லைசென்ஸ் வேண்டும். ஒன்றுமே தேவையில்லை என்றால் தேவைப்படுவது நீங்களும் உங்கள் போனில் இருக்கும் நம்பர்களும்தான்.

உள்ளே போய்விட்டால்

தெரியாமல் போய் உட்கார்ந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் அடையாளம் சத்தம். இன்டர்வியூ நடக்கும் ஆபீஸில் ஃபேன் சத்தம் கேட்கும். இங்கே பாட்டு ஓடும், கைதட்டல் நிற்காது, முன்பின் தெரியாதவர்கள் வந்து கை குலுக்குவார்கள். வெயில் காலத்திலும் கோட் போட்டிருப்பார்கள். இரண்டாவது, உட்காரும் இடம். உங்களைக் கூட்டி வந்தவர் ஒரு பக்கம், அவருடைய ‘சீனியர்’ மறுபக்கம், நடுவில் நீங்கள். வழியோரச் சீட் கிடைக்காது. அது தற்செயல் இல்லை, பாதியில் எழுந்து போகிறவருக்கு இரண்டு பேர் முழங்காலைத் தாண்ட வேண்டியிருந்தால் கூச்சமாக இருக்கும். போனை சைலன்ட்டில் போட்டுப் பைக்குள் வைக்கச் சொல்வார்கள்.

மூன்றாவதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துவது. தனியாகப் பேசும்போது உங்கள் படிப்பைப் பற்றி ஒரு கேள்வி வராது. “அப்பா என்ன பண்றார்? எவ்வளவு சம்பாதிக்கறார்? அவர் இத்தனை வருஷம் உழைச்சு என்ன சேர்த்தார்? அம்மாவை ஒரு தடவையாவது பிளைட்ல கூட்டிட்டுப் போகணும்னு உனக்கு ஆசை இல்லையா?” இப்படிப் போகும். எங்கே வலிக்கும் என்று தட்டிப் பார்ப்பார்கள். வலிக்கும் இடம் தெரிந்ததும் ‘லட்சியம்’ என்று ஒரு தாளில் எழுத வைப்பார்கள். நானும் எழுதினேன், அப்பாவுக்கு போர்வெல் போட வேண்டும் என்று. வெங்காயக் காசு போனதில் அந்த போர்வெல் மூன்று வருஷம் தள்ளிப் போனது.

வேலைக்கு எடுப்பவர் உங்களால் என்ன செய்ய முடியும் என்று கேட்பார். உங்களுக்கு என்ன குறை என்று கேட்கிறவர் வேறு எதற்கோ அளவெடுக்கிறார்.

அங்கிருந்து வெளியே வர வாக்குவாதம் வேண்டாம். அவர்களிடம் எல்லாக் கேள்விக்கும் பதில் தயாராக இருக்கும். ‘இது செயின் மார்க்கெட்டிங்கா?’ என்று கேட்டால் ‘பிரதமர் முதல் கிராமத்துத் தலையாரி வரை எல்லாமே பிரமிடுதானே’ என்று பலகையில் படம் போட்டுக் காட்டுவார்கள். நாங்களும் போட்டோம். பாத்ரூம் எங்கே என்று கேட்டு எழுந்திருங்கள், அப்படியே படியிறங்குங்கள். அசல் சான்றிதழைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள், ‘வெரிஃபிகேஷனுக்கு ஒரு நாள்’ என்றாலும் வேண்டாம். ஆதார் நகல் முதல் நாள் இன்டர்வியூவுக்குத் தேவையே இல்லை. கட்டாயம் கேட்டால் மறைக்கப்பட்ட ஆதார் எடுத்துக் கொடுங்கள், அதில் கடைசி நாலு எண் மட்டும்தான் தெரியும். நகலின் குறுக்கே தேதியும் எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதையும் பேனாவால் எழுதிவிடுங்கள். என் கடையில் இதற்காகவே ஒரு பேனா கட்டித் தொங்குகிறது.

வட்டத்துக்குள் தமிழ்நாடு

வெள்ளைப் பலகைக் கணக்கை ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள். “நீங்க வெறும் ஆறு பேரைச் சேர்த்தா போதும். அந்த ஆறு பேர் ஆளுக்கு ஆறு பேர்.” கேட்கச் சின்னதாக இருக்கும். 6, 36, 216, 1,296, 7,776. இதுவரைதான் பலகையில் எழுதுவார்கள். ஆறாவது வரிசை 46,656. ஏழாவது 2,79,936. எட்டாவது 16,79,616. ஒன்பதாவது ஒரு கோடியைத் தாண்டும். பத்தாவது வரிசையில் மட்டும் 6,04,66,176 பேர் வேண்டும். பத்து வரிசையையும் கூட்டினால் 7,25,59,410. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் இருந்தவர்கள் 7.21 கோடி. தொட்டில் குழந்தை, படுக்கையில் கிடக்கும் பாட்டி, சிறையில் இருப்பவர் என்று ஒருவர் விடாமல் கோட் துணி வாங்கினாலும் பத்தாவது வரிசை நிரம்பாது.

இதைவிட முக்கியமானது கடைசி வரிசை. அந்த ஏழேகால் கோடியில் ஆறு கோடிப் பேருக்குக் கீழே யாருமே இல்லை. ஆறில் ஐந்து பங்கு. பத்து வரிசையில் நிறுத்தினாலும் ஐந்தில் நிறுத்தினாலும் இந்தப் பங்கு மாறாது. மேலே ஏறுகிறவனின் பணம் இந்த ஆறில் ஐந்து பேரின் பையிலிருந்துதான் வருகிறது. உழைப்பு, நேர்மறை எண்ணம் எதுவும் இந்த வகுத்தலை மாற்றாது. ‘நான் ஆரம்பத்திலேயே சேர்ந்துவிடுவேன்’ என்று தோன்றினால் ஒரு விஷயம், உங்களுக்குச் செய்தி உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மூலம் வருகிறது என்றால் அது ஆரம்பம் இல்லை.

பொருள் இருக்கிறதே என்பார்கள்

“நாங்க பணம் வாங்கலை, பொருள் கொடுக்கறோம்.” சத்துமாவு, கற்றாழை ஜூஸ், காந்தப் படுக்கை, தண்ணீர் வடிகட்டி, இப்போது ஆன்லைன் கோர்ஸ். இதற்கு ஒரே ஒரு கேள்வி போதும். “நான் ஒருத்தரையும் சேர்க்கலை. பொருளை மட்டும் வெளியாட்களுக்கு வித்தா மாசம் எவ்வளவு வரும்?” நேர்மையான நேரடி விற்பனை என்றால் இதற்கு ஒரு ரூபாய்க் கணக்கு சொல்ல முடியும். ஆள் பிடிக்கும் கம்பெனி என்றால் பேச்சு உடனே ‘டீம்’ பக்கம் திரும்பும். அடுத்து, அதே மாதிரிப் பொருள் பக்கத்துக் கடையில் என்ன விலை என்று பாருங்கள். என் கோட் துணியை ஒரு தையல்காரரிடம் காட்டினேன், ஆயிரத்து நூறு மதிக்கலாம் என்றார். மீதிப் பதினோராயிரத்து நானூறில் கடிகாரம் போக எல்லாம் ஏணி ஏறிவிட்டது.

எல்லாக் கமிஷன் வேலையும் மோசடி என்று சொல்ல வரவில்லை. இன்சூரன்ஸ் ஏஜென்ட் தேர்வு எழுதி, இன்சூரன்ஸ் கம்பெனியின் நியமனம் வாங்குகிறார், அவருக்குக் கமிஷன் பாலிசி எடுத்தவர் கட்டும் பிரீமியத்திலிருந்து வருகிறது. கஷ்டமான பிழைப்பு, ஆனால் பிழைப்பு. நேரடி விற்பனையும் சட்டப்படி நடக்கலாம். சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மேடையில் ‘அரசு அங்கீகாரம்’ என்று அடித்துவிடுவார்கள்.

ஆள் சேர்ப்பதன் மேல் பணம் சுழல்கிற திட்டங்களை மத்திய அரசு 1978-லேயே தனிச் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. நடத்துவது மட்டும் குற்றம் இல்லை, அதில் உறுப்பினராகச் சேர்வதும் பங்கெடுப்பதும்கூடத் தடைக்குள் வரும். மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. நேரடி விற்பனை நிறுவனங்கள் சேர்க்கைக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2016-ல் மத்திய அரசின் வழிகாட்டுதல் வந்தது. 2021 டிசம்பரில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நேரடி விற்பனைக்கென்றே விதிகள் வந்தன. ஆள் மேல் ஆள் சேர்த்துப் பணம் பார்க்கும் பிரமிடு திட்டம் கூடாது, விற்பனையாளரோடு எழுத்து மூலம் ஒப்பந்தம் வேண்டும், அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் ஒரு வீட்டுக்குள் போகக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. உங்களிடம் பேசுகிறவரிடம் அந்த எழுத்து ஒப்பந்தத்தைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் செல்பி இருக்கும், ஒப்பந்தம் இருக்காது.

ஆஃபர் லெட்டரைத் தலைகீழாகப் படியுங்கள்

கடையில் தினமும் கால் லெட்டர், ஆஃபர் லெட்டர் பிரிண்ட் எடுக்கிறேன். மேலே பெரிய எழுத்தில் ‘வாழ்த்துகள்’ இருக்கும், அதை விடுங்கள். கீழேயிருந்து மேலே வாருங்கள். கடைசிப் பக்கத்தின் அடியில் எறும்பு அளவு எழுத்தில், இவர் நிறுவனத்தின் ஊழியர் அல்ல, சுயாதீன விநியோகஸ்தர் என்று ஒரு வரி இருக்கும். ஒரு தம்பியின் லெட்டரில் அதைப் படிக்க நான் ஸ்கேன் செய்து பெரிதாக்க வேண்டியிருந்தது. பதவியின் பெயர் ‘பிசினஸ் அசோசியேட்’, ‘பார்ட்னர்’, ‘லீடர்’ என்று இருக்கும். அடிப்படைச் சம்பளம் இவ்வளவு, பி.எஃப் பிடித்தம் இவ்வளவு என்கிற கட்டம் இருக்காது. ‘திரும்பத் தரப்படும் முன்பணம்’ என்று ஒரு தொகை இருக்கும். மின்னஞ்சல் முகவரி கம்பெனி பெயரில் இல்லாமல் ஜிமெயிலில் முடியும். இதில் இரண்டு இருந்தால் நான் பிரிண்டுக்குக் காசு வாங்குவதில்லை, உட்கார வைத்துப் பேசுவேன். வியாபாரத்துக்கு நல்லதில்லை என்று என் மனைவி சொல்வாள்.

வீட்டிலிருந்தே வேலை, டெலிகிராமில் லைக் போட்டால் காசு என்பதெல்லாம் தனிக் கதை, அதில் பிரமிடு பாதி, நேரடித் திருட்டு பாதி. புதிதும் இல்லை. 2011-ல் பதினோராயிரம் கட்டி ஆன்லைன் சர்வே நிரப்பியவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். வேலை செய்யப் பணம் கட்டச் சொன்னால் அது எந்த ஆப்பில் வந்தாலும் ஒன்றுதான்.

கூப்பிடுவது சொந்தக்காரர் என்றால்

இதுதான் கஷ்டம். முன்பின் தெரியாத மேடத்தின் போனை வைத்துவிடலாம். மாமாவை என்ன செய்வது? முதல் நாளே எங்களை நூறு பெயர் எழுத வைத்தார்கள். சொந்தம், பள்ளி, தெரு, பஸ்ஸில் பழகியவர் வரை. பெயருக்கு எதிரே மூன்று கட்டம், பணம் உள்ளவரா, நம்மை நம்புகிறவரா, கஷ்டத்தில் இருக்கிறாரா. சித்தி மகனுக்கு மூன்றிலும் டிக் போட்டேன். அவன் ஐ.டி.ஐ முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தான். “அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று வந்தான். பணத்தைப் பிறகு தவணையில் திருப்பிக் கொடுத்தேன். சித்தி நாலு வருஷம் எங்கள் வீட்டுப் படியேறவில்லை.

அதனால் அழைக்கும் உறவுக்காரரைத் திருடன் என்று பார்க்காதீர்கள். அவர் பணத்தைப் போட்டுவிட்டு எடுக்க வழி தேடுகிறவர். ஆனால் அதற்காகச் சேரவும் வேண்டாம். ‘யோசிச்சு சொல்றேன்’ என்பதை மட்டும் சொல்லாதீர்கள். எங்கள் பாடத்தில் அதற்கு ‘பாதி சம்மதம்’ என்று பெயர், ஏழு நாள் விடாமல் கூப்பிட வேண்டும். ‘காசில்லை’ என்றாலும் விட மாட்டார்கள், எங்கே கடன் வாங்கலாம் என்று அவர்களே சொல்லிக்கொடுப்பார்கள். “மாமா, நான் ஆள் சேர்க்கிற வேலைக்கு வர மாட்டேன். நீங்க போட்ட காசை எப்படித் திருப்பி வாங்கறதுன்னு வேணா சேர்ந்து பாப்போம்” என்று சொல்லிப் பாருங்கள். ஒன்று, கோபித்துக்கொண்டு போவார். அல்லது உட்கார்ந்து அழுவார். என் கடையில் இரண்டும் நடந்திருக்கிறது.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்களுக்கு. முதலில், அந்தக் காசை எடுக்க ஒருவரைக்கூடச் சேர்க்காதீர்கள். சேர்த்த நிமிஷம் நீங்கள் ஏமாந்தவர் என்ற இடத்திலிருந்து ஏமாற்றியவர் என்ற இடத்துக்குப் போய்விடுவீர்கள், 1978 சட்டமும் இன்னும் பலமாக உங்கள் பக்கம் திரும்பும். பணம் அனுப்பிய ஜி.பே ஸ்கிரீன்ஷாட், வங்கி ஸ்டேட்மென்ட், வாட்ஸ்அப் பேச்சு, வாய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் குரூப்பிலிருந்து வெளியேறுவதற்கு முன்பே எடுத்து வையுங்கள். சில குரூப்பில் பழையதை அழித்துவிடுவார்கள். பொருளைப் பிரிக்காதீர்கள். திருப்பிக் கொடுக்கிறேன், பணம் வேண்டும் என்று கம்பெனிக்கு எழுத்தில், பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. ஆன்லைனில் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930. பலர் ஏமாந்திருந்தால் சேர்ந்து போய்ப் புகார் கொடுங்கள். தமிழ்நாடு காவல்துறையில் பொருளாதாரக் குற்றப்பிரிவு என்று தனிப் பிரிவே இருக்கிறது. தனியாகப் போகிறவரை ‘நீயாத்தானே கட்டினே’ என்று அனுப்பி வைப்பது நடக்கும். பத்துப் பேர் ஒரே ரசீதைக் காட்டினால் அப்படிச் சொல்ல முடியாது.

வேலையே வேண்டும் என்பவர்களுக்கு, மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தனியார் வேலைவாய்ப்பு முகாம் நடக்கிறது. கட்டணம் கிடையாது. சம்பளம் பெரிதாக இருக்காது, ஆனால் வாசலில் யாரோட கெஸ்ட் என்று கேட்க மாட்டார்கள். அந்தப் பி.காம் பெண்ணுக்கு அப்படி ஒரு முகாமில்தான் பில்லிங் வேலை கிடைத்தது. பன்னிரண்டாயிரம். இப்போது பஸ் பாஸ் லேமினேஷனுக்கு வரும்.

என்னை ஓசூருக்குக் கூப்பிட்டவன் போன வருஷம் கடைக்கு வந்தான். தாடி நரைத்திருந்தது. ரெஸ்யூம் டைப் பண்ண வேண்டும் என்றான். படிப்பு, முகவரி எல்லாம் அடித்து முடித்தேன். 2011 முதல் 2015 வரை வந்ததும் நிறுத்தினான். “இந்த நாலு வருஷத்தை என்னன்னு போடறது மாப்ள?”

நிறையப் பேருக்கு இந்தச் சிக்கல் இருக்கும், அதனால் சொல்கிறேன். ‘ரீஜினல் மேனேஜர்’, ‘டைமண்ட் லீடர்’ என்று போடாதீர்கள், படிக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். வெற்றிடமாகவும் விடாதீர்கள். ‘சுயதொழில், விற்பனை’ என்று ஒரு வரி. கேட்டால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவது நல்லது, கேட்பவர் வீட்டிலும் ஒரு கோட் துணி இருக்கலாம். அப்படியே அடித்துக் கொடுத்தேன்.

இரண்டு காப்பி எடுத்து மடக்காமல் கவரில் போட்டுக்கொண்டான். கிளம்பும்போது பிரிண்டர் பக்கம் பார்த்தான். “இது அந்தத் துணிதானே?”

“ஆமா.”

“எனக்கும் ஒண்ணு இருந்துச்சு” என்றான். “எங்க போச்சுன்னு தெரியல.” பத்து ரூபாயை மேஜையில் வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தான்.